செலீனி ஏதென்ஸில், அவள் குதிரை லண்டனில்: பிரிட்டிஷ் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் 18ஆம் எண் கூடத்தின் ஒரு கோடியில் ஒரு குதிரைத் தலை இருக்கிறது. நிலவுத் தெய்வமான செலீனியின் தேரை இரவு முழுக்க இழுத்து ஓய்ந்துபோன குதிரை. கண் பிதுங்கி, மூக்கு விடைத்து, வாய் திறந்து, கீழ்த்தாடை பீடத்தின் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் உள்ள பழைய அதீனா கோயிலான பார்த்தினனின் கிழக்கு முகப்பில், கூரைக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் வலது மூலையில் இருந்தது அது. இடது மூலையில் சூரியனான ஹீலியோஸின் குதிரைகள் கடலிலிருந்து தலை தூக்கி எழுந்தன. நடுவில் ஜீயஸின் தலையைப் பிளந்துகொண்டு அதீனா பிறந்தாள். ஒரு மூலையில் பொழுது புலர, மறு மூலையில் நிலவு அடங்க, இடைப்பட்ட அந்த வேளையில் ஒரு தெய்வம் பிறந்ததாக அந்தச் சிற்பிகள் கி.மு. 430களில் கல்லில் சொல்லி வைத்தார்கள்.

அந்தக் குதிரையை ஓட்டிய செலீனி உங்களிடம் இல்லை. அவளுடைய உடற்பகுதி ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹீலியோஸ் உங்களிடம் இருக்கிறான். அவனுடைய நான்கு குதிரைகளில் இரண்டு உங்களிடம், மற்ற இரண்டு அங்கே.

இந்தச் சிற்பங்களைத் திருப்பித் தர வேண்டுமா கூடாதா என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது. யாருக்குச் சொந்தம், ஒட்டோமன் அரசுக்கான பிரிட்டிஷ் தூதராக இருந்து இவற்றை எடுத்துவந்த எல்ஜின் பிரபு முறையாகப் பெற்றாரா இல்லையா என்ற சுற்றிலேயே அது பெரும்பாலும் சுழல்கிறது. நான் கேட்க வந்தது அதற்கு முந்தைய கேள்வி. உடைந்த உடலின் இரண்டு துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றோடொன்று பொருந்தும் என்பது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பிறகும் அவற்றைச் சேர்க்காமல் வைத்திருப்பதற்கு உங்களிடம் இருக்கும் காரணம் என்ன?

நான் லண்டனில் வாழும் ஒரு தமிழ்ப் பெண். வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளை உங்கள் கூடங்களுக்கு அழைத்து வருகிறேன். அவர்களுடைய அம்மா அப்பாவும் தாத்தா பாட்டியும் படிக்க வேண்டும் என்பதால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் நகரத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

கோயிலைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். என் மனம் போய் நிற்பது அங்கேதான்.

பார்த்தினனின் வெளித்தூண் வரிசைக்கு உள்ளே, கருவறைச் சுவரின் மேல்விளிம்பைச் சுற்றி ஏறத்தாழ 160 மீட்டர் நீளத்துக்கு ஒரே புடைப்புச் சிற்பம் ஓடியது. உயரம் ஒரு மீட்டர்தான். தரையிலிருந்து 12 மீட்டர் மேலே, தூண்களுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால் தெரியும். அண்ணாந்து பார்க்கிறவர் கண்ணுக்காகவே உருவங்களின் மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிடச் சற்று ஆழமாகச் செதுக்கினார்கள். மனிதரும் தெய்வமுமாக 378 உருவங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட விலங்குகள். அதீனாவுக்கு ஏதென்ஸ் எடுத்த பானதினையா பெருவிழாவின் ஊர்வலம் அது என்பது பெரும்பாலோர் கருத்து. தென்மேற்கு மூலையில் ஊர்வலம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தெற்குச் சுவரில் போகிறது, மறு கிளை மேற்கும் வடக்குமாகச் சுற்றி வருகிறது. குதிரைக்குக் கடிவாளம் மாட்டுகிறவன், செருப்பு வாரைக் கட்டக் குனிந்தவன், பாய்ந்தோடும் குதிரைப்படை, தேர்கள், முதியவர்கள், குழலும் யாழும் வாசிப்பவர்கள், தண்ணீர்க் குடத்தைத் தோளில் சுமப்பவர்கள், பலிக்குப் போகும் மாடுகள், ஆடுகள். இரண்டு கிளைகளும் கிழக்குச் சுவரில் வந்து சேரும்போது வேகம் அடங்குகிறது. இளம்பெண்கள் நிதானமாக நடந்து வருகிறார்கள். இருபுறமும் தெய்வங்கள் அமர்ந்திருக்கிறார்கள். நடுவே ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் துணியொன்றை மடிக்கிறார்கள். அதீனாவுக்குச் சாத்த நெய்த பெப்லோஸ் என்ற ஆடை அது.

ஊர்த் திருவிழாவில் அம்மனுக்குப் பட்டு சாத்துவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. சிரமம் அதற்கு அடுத்துதான் வந்தது. "மிஸ், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சாமிகள் எங்கே?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

கேள்வி சரியானது. துணி மடிக்கும் காட்சி உள்ள பலகை உங்களிடம். அதே பலகையில் ஜீயஸ், ஹீரா, அதீனா, ஹிஃபீஸ்டஸ். ஹிஃபீஸ்டஸுக்குப் பக்கத்தில் அமர்ந்த பொசைடன், அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் மூவரும் அடுத்த பலகையில், அது ஏதென்ஸில். அதற்கும் அடுத்த பலகையில் நடந்து வரும் பெண்கள் பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில். ஒரே சுவரில் ஒரே வரிசையில் தோளோடு தோள் உட்கார வைக்கப்பட்டவர்களைப் பார்த்து முடிக்க மூன்று நாடுகளுக்குப் போக வேண்டும்.

அந்த ஏதென்ஸ் பலகையில் ஆர்ட்டெமிஸின் பாதம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இல்லாமல் இருந்தது. சிசிலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த ராபர்ட் ஃபேகன் என்பவரிடம் போய்ச் சேர்ந்து, அவர் இறந்தபின் அவர் மனைவி விற்க, பலெர்மோ அருங்காட்சியகத்துக்கு வந்த துண்டு அது. சிறு கல்தான். 2022இல் இத்தாலியர்கள் அதை முதலில் கடனாகவும், சில மாதங்களில் நிரந்தரமாகவும் ஏதென்ஸுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று பாதம் பலகையோடு சேர்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கோயிலில் அந்தப் பட்டை வெளியே பார்த்தபடி இருந்தது. சுற்றி நடந்தால்தான் பார்க்கலாம். பார்ப்பவரும் ஊர்வலத்தோடு கூடவே நடந்தாக வேண்டும் என்பதே அதன் அமைப்பு. டூவீன் கூடம் என்று பெயர் பெற்ற உங்கள் 18ஆம் கூடத்தில் அதை உள்நோக்கி மாட்டியிருக்கிறீர்கள். நடுவில் நின்று சுற்றிலும் பார்க்கிறோம். கோயிலைச் சுற்றி வெளியே ஓடிய ஊர்வலம் அறைக்குள் நம்மைச் சுற்றி நிற்கிறது. 2009 ஜூனில் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்தை பெர்னார்ட் சூமி என்ற கட்டடக் கலைஞர் கோயிலின் திசைக்கே திருப்பி வைத்தார். கருவறையின் அளவிலேயே நடுவில் ஒரு சுவர் அமைத்து, அதன் வெளிப்புறத்தில் பலகைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். சுற்றி நடக்கலாம். கண்ணாடிக்கு வெளியே குன்றின்மேல் கோயில் தெரிகிறது. காலத்தால் தேன்நிறம் ஏறிய அசல் பளிங்குக்கு நடுவே, உங்களிடம் உள்ளவற்றின் பிரதிகள் வெளுத்த சுண்ணச்சாந்தில் நிற்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று அங்கே யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நிறமே சொல்லிவிடுகிறது.

மேற்கு முகப்பில் அதீனாவும் பொசைடனும் அந்த நாட்டுக்காகப் போட்டியிட்ட கதை இருந்தது. பொசைடன் சூலத்தால் பாறையைக் குத்தி உப்புநீரை வரவழைத்தான். அதீனா ஒலிவ மரத்தைத் தந்து வென்றாள். அந்தப் பொசைடனின் மார்பும் வயிறும் ஏதென்ஸில் இருக்கின்றன, முதுகும் தோள்களும் லண்டனில் இருக்கின்றன. நீங்கள் அந்த மார்புக்குச் சாந்துப் பிரதி வைத்திருக்கிறீர்கள், அவர்கள் தோளுக்கு. தோலுக்கடியில் நரம்பு புடைத்து நிற்பதுவரை செதுக்கிய ஓர் உடலை மார்பு வேறு முதுகு வேறாக வைத்திருப்பதற்கு எந்தக் கலை வரலாற்றுக் காரணமும் இருக்க முடியாது. பல ஆண்டுகள் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்த உடலை உடைத்தவர் எல்ஜின் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவர்கள் கோயிலைத் தேவாலயமாக்கியபோது வெளித்தூண்களுக்கு மேலே வரிசையாக இருந்த மெட்டோப் என்ற சதுரச் சிற்பப் பலகைகள் பலவற்றின் உருவங்களைச் சிதைத்தார்கள். (வடக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் தப்பியது. அமர்ந்திருந்த பெண்ணும் எதிரே நின்றவளும் கன்னி மரியாளையும் தேவதூதரையும் நினைவூட்டியதால் விட்டுவிட்டார்கள் என்று ஓர் ஊகம் உண்டு.) பிறகு ஒட்டோமன் ஆட்சியில் அது மசூதியானது. 1687இல் வெனிஸ் படை அக்ரோபோலிஸை முற்றுகையிட்டபோது உள்ளே வெடிமருந்து சேர்த்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று விழுந்த ஒரு குண்டில் கோயிலின் நடுப்பகுதியே சிதறியது. உள்ளே ஒதுங்கியிருந்த சுமார் 300 பேர் மாண்டார்கள். வென்ற தளபதி மொரோசினி மேற்கு முகப்பிலிருந்து பொசைடனையும் தேர்க்குதிரைகளையும் இறக்கிக் கொண்டுபோக முயன்றார். கயிறு அறுந்து அவை பாறையில் விழுந்து நொறுங்கின. ஆகவே 1801இல் எல்ஜினின் ஆட்கள் கை வைத்தபோது அது ஏற்கெனவே காயம்பட்ட கோயில்தான். அவர் எடுத்துச் சென்றதால் சில சிற்பங்கள் பிழைத்தன என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மேற்குப் பக்கத்துப் பட்டை 1993 வரை கட்டடத்திலேயே இருந்து ஏதென்ஸின் புகையிலும் அமில மழையிலும் தேய்ந்ததைக் கிரேக்கர்களே மறைப்பதில்லை.

ஆனால் எல்ஜினின் ஆட்கள் கீழே கிடந்ததை மட்டும் பொறுக்கவில்லை. கட்டடத்தில் இருந்ததைப் பெயர்த்தார்கள். முதல் மெட்டோப் 1801 ஜூலை 31 அன்று இறங்கியது. மெட்டோப்களை உருவ மேலே இருந்த கொடுங்கைக் கற்களை உடைக்க வேண்டியிருந்தது. சிற்பப் பட்டையின் கற்கள் கனமாக இருந்ததால் முன்புறச் சிற்பத்தை வைத்துக்கொண்டு பின்புறத்தை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார்கள். வேலையை மேற்பார்த்த இத்தாலிய ஓவியர் லூசியேரி, தான் சற்றுக் காட்டுமிராண்டித்தனமாக நடந்துகொள்ள நேர்ந்ததை எல்ஜினுக்கு எழுதிய கடிதத்தில் தாமே ஒப்புக்கொண்டார். பக்கத்து எரெக்தியம் கோயிலில் கூரையைத் தலையில் தாங்கி நின்ற ஆறு பெண் சிலைகளில் ஒன்றையும் எடுத்தார்கள். அவள் உங்களிடம். மற்ற ஐவரும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில், ஆறாவது இடத்தைக் காலியாக விட்டு நிற்கிறார்கள். 1802இல் பெட்டிகளை ஏற்றிச் சென்ற மென்டர் என்ற கப்பல் கித்திரா தீவருகே மூழ்கியது. கடற்பஞ்சு எடுக்கும் கிரேக்க முக்குளிப்பவர்கள் இரண்டு ஆண்டுகள் மூச்சடக்கி மூழ்கி அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். உங்கள் கூடத்தில் இருக்கும் பளிங்கில் ஒரு பகுதி அவர்கள் நுரையீரலால் மீட்கப்பட்டது. அவர்களை நினைவுகூர அங்கே ஒரு வரி இருந்தால் நன்றாயிருக்கும்.

எல்ஜினுக்கு ஒட்டோமன் அரசு தந்ததாகச் சொல்லும் அனுமதி ஆவணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கைவசம் இருப்பது ஓர் இத்தாலிய மொழிபெயர்ப்பு மட்டுமே. வரையவும் அச்செடுக்கவும் தோண்டவும் சில கற்களை எடுத்துச் செல்லவும் அதில் இடமுண்டு. கட்டடத்தில் பதிந்த சிற்பங்களை அறுத்தெடுக்கலாம் என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2024இல் பாரிஸில் நடந்த யுனெஸ்கோ குழுக் கூட்டத்தில் துருக்கியின் பிரதிநிதி, அப்படி விற்பனையைச் சட்டபூர்வமாக்கும் ஆவணம் எதுவும் தங்களுக்குத் தெரிந்து இல்லை என்றார். ஒட்டோமன் ஆவணக் காப்பகம் இருப்பது அவர்களிடம்தான்.

இதைவிட என்னைத் தொட்டது 1816 ஜூன் மாதத்து நாடாளுமன்ற விவாதம். கடனில் மூழ்கியிருந்த எல்ஜினிடமிருந்து 35,000 பவுண்டுக்குச் சிற்பங்களை வாங்கலாமா என்று அன்று பேசினார்கள். ஹ்யூ ஹேமர்ஸ்லி என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிரிட்டன் இவற்றைப் பொறுப்பாக மட்டும் வைத்திருக்கட்டும், இன்றோ நாளையோ ஏதென்ஸ் நகரை உடையவர்கள் கேட்டால் மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுக்கட்டும் என்றார். கிரேக்க விடுதலைப் போர் தொடங்க இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. கேட்பதற்கு அப்போது ஒரு கிரேக்க அரசே இல்லை. திருத்தம் தோற்றது, 82க்கு 30 என்ற கணக்கில் வாங்க முடிவாயிற்று. ஆனாலும், திருப்பித் தருவது என்ற எண்ணம் பின்னாளில் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சர் மெலினா மெர்குரி கிளப்பிய உணர்ச்சிப் பேச்சில் பிறந்தது என்று இனியும் யாரும் சொல்ல வேண்டாம். சிற்பங்களை வாங்கிய அதே அவையில், வாங்கிய அதே நாளில், ஓர் ஆங்கிலேயர் வாயிலிருந்து வந்த எண்ணம் அது.

1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் உங்கள் கைகளைக் கட்டியிருக்கிறது என்கிறீர்கள். சேகரிப்பிலிருந்து எதையும் நிரந்தரமாகக் கொடுக்க மிகக் குறுகிய விதிவிலக்குகளே அதில் உள்ளன. உண்மை. ஆனால் மனம் வந்தபோது நாடாளுமன்றம் அந்தக் கட்டைத் தளர்த்தியிருக்கிறது. மனித எலும்புகளையும் உடல் எச்சங்களையும் திருப்பித் தர 2004இல் ஒரு சட்டம் வழிவிட்டது. நாஜிகள் பறித்த கலைப்பொருள்களைத் தர 2009இல் இன்னொன்று வழிவிட்டது. இரண்டுமே நியாயமானவை என்று நீங்களும் ஏற்றீர்கள். மூன்றாவதாக ஒன்றைக் கேட்டு நாடாளுமன்றத்துக்கு எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சட்டத்தை மாற்றுவது அரசின் வேலை என்று நீங்கள் சொல்ல, அது அறங்காவலர் விருப்பம் என்று அமைச்சர்கள் சொல்ல, ஆளுக்கொரு பக்கம் கைகாட்டியே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. கிரேக்கம் முறைப்படி கோரிக்கை வைத்தது 1983இல்.

கடன் கொடுக்கும் அதிகாரமோ இப்போதே உங்களிடம் இருக்கிறது. மேற்கு முகப்பின் மூலையில் சாய்ந்திருந்த இலிசோஸ் என்ற நதித் தெய்வத்தை 2014 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினீர்கள். ஏதென்ஸ் வழியாக ஓடும் ஆறு இலிசோஸ். அந்த ஆற்றின் தெய்வம் ரஷ்யாவுக்குப் போய் வரலாம், தன் கரைக்குப் போகக் கூடாதா?

பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கலாம், உலக நாகரிகங்களை ஒரே கூரையின் கீழ் ஒப்பிடலாம் என்பது உங்கள் வலுவான வாதம். இலவச நுழைவின் அருமை எனக்குத் தெரியும். டிக்கெட் வாங்க வேண்டியிருந்தால் எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் கட்டணம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பிடுவதற்கு முன் ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டும். ஜீயஸை அசிரியச் சிங்கத்தோடு ஒப்பிட உங்கள் கூடத்தில் வசதி இருக்கிறது. அவன் பக்கத்திலேயே செதுக்கப்பட்ட பொசைடனோடு ஒப்பிட வசதி இல்லை. கோயிலின் 92 மெட்டோப்களில் உங்களிடம் உள்ள 15ம் தெற்குப் பக்கத்தவை, எல்லாமே மனிதக் குதிரைகளான சென்டார்களோடு நடக்கும் சண்டை. கிழக்கில் அரக்கர் போரும் மேற்கில் அமேசான் பெண்களின் போரும் வடக்கில் டிராய் போரும் இருந்தன என்பதை லண்டனில் ஒரு பிள்ளை கண்ணால் அறிய வழியில்லை. அந்தத் தெற்குப் பலகைகளில் ஒன்றின் இரண்டு தலைகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. 1687 போரில் வெனிஸ் படையில் இருந்த ஒரு டேனிய அதிகாரி கொண்டுபோனவை.

ஒன்றைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கேட்பார்கள் என்ற அச்சத்தையும் நீங்கள் சொல்வதுண்டு. ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த துண்டை 2006இல் கொடுத்தது. பலெர்மோ 2022இல் கொடுத்தது. வத்திக்கான் தன் மூன்று துண்டுகளை 2023இல் கொடுத்தது. இதனால் அவர்களுடைய கூடங்கள் எதுவும் காலியாகிவிடவில்லை.

பாதுகாப்பு என்ற வாதத்தை மட்டும் இனிமேல் எடுக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1937, 38ஆம் ஆண்டுகளில் சிற்பங்களை வெள்ளையாக்க வேண்டும் என்று, கூடத்தைக் கட்டப் பணம் கொடுத்த டூவீன் பிரபு விரும்பியதற்காகச் செப்புக் கருவிகளாலும் உரசு கற்களாலும் சுரண்டினார்கள். இருபத்து நான்கு நூற்றாண்டுகள் ஏறிய மேற்பரப்பு பல இடங்களில் போயிற்று. அவை வெள்ளையாகவே இருந்ததும் இல்லை. இறகு விரித்துப் பறந்து வந்த தூதுத் தெய்வம் ஐரிஸின் இடைக்கச்சையில் எகிப்திய நீலம் இன்னும் ஒட்டியிருப்பதை அதன் அகச்சிவப்பு ஒளிர்வைக் கொண்டு கண்டுபிடித்தவர் உங்கள் நிறுவனத்திலேயே வேலை பார்த்த அறிவியலாளர். அந்தக் கண்டுபிடிப்பை நான் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் ஆய்வாளர்கள், பராமரிப்பாளர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. 2018இல் கூரை ஒழுகியதும், 2021இல் கிரேக்கக் கூடங்கள் பல மாதங்கள் மூடிக் கிடந்ததும், 2023இல் உங்கள் சேகரிப்பிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பொருள்கள் காணாமல் போனது வெளிவந்ததும் அவர்கள் பிழையல்ல. ஆனால் ஏதென்ஸைவிட லண்டனில்தான் பத்திரம் என்று சொல்லும் உரிமை அதோடு போய்விட்டது.

ஒரு தமிழச்சி இதில் ஏன் தலையிடுகிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூரில், இடிந்துகிடந்த விஸ்வநாத சுவாமி கோயிலின் மண்ணிலிருந்து 1976இல் ஒரு நடராசர் வெளிவந்தார். கைமாறிக் கைமாறி ஒரு கனடிய நிறுவனம் வாங்கி, மதிப்பிடவும் செப்பனிடவும் உங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தபோதுதான் லண்டன் காவல்துறை அவரைக் கைப்பற்றியது. வழக்கில் அந்தப் பாழடைந்த கோயிலே உரிமை கோரும் தரப்பாக நின்றது. கூரையில்லாத, பூசையில்லாத கோயிலுக்கும் தன் சிலையைக் கேட்க உரிமை உண்டென்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்ய, நடராசர் ஊர் திரும்பினார். களவு போன சிலை வேறு, அன்றைய அரசின் அனுமதியைக் காட்டி எடுத்த சிற்பம் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு கட்டடத்துக்கும் அதன் சிற்பத்துக்கும் உள்ள உறவை உங்கள் நாட்டு நீதிபதிகளே மதித்தார்கள் என்பது பத்தூரில் தொடங்கிய கதை, அதனால்தான் சொல்கிறேன்.

அமராவதியும் எங்களுக்கு அருகில்தான். அந்த ஆந்திரத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 1859இல் அவற்றில் ஒரு பெரும் தொகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. மீதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளி நாட்களில் எழும்பூரில் நான் பார்த்த கல் தாமரைகளின் தொடர்ச்சியை உங்கள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தபோது, பிரிந்து கிடப்பது என்றால் என்னவென்று புரிந்தது. பார்த்தினன் பற்றி ஏதென்ஸ்காரர் ஒருவர் பேசும்போது அவர் சொல்ல வருவது எனக்குப் பாதிப் பேச்சிலேயே விளங்கிவிடுகிறது.

இனி என் கோரிக்கைகள்.

முதலில் உடைந்த உடல்களைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பச் சொல்லவில்லை. பொசைடனின் தோள்கள், செலீனியின் குதிரை, துணி மடிக்கும் கிழக்குப் பலகை, எரெக்தியத்தின் ஆறாவது பெண். இந்த நான்கும் போகட்டும். போனவுடனே ஏதென்ஸில் பொசைடனுக்கு முதுகு வரும், செலீனிக்குக் குதிரை வரும், தெய்வ வரிசையின் நடு இடைவெளி நிரம்பும், ஐந்து பேர் ஆறு பேர் ஆவார்கள். வேறெந்தப் பண்டைச் சிற்பத்துக்கும் இவ்வளவு சிறிய பயணத்தில் இவ்வளவு பெரிய நிறைவு கிடைக்காது.

கடன் என்ற சொல்லைக் கிரேக்க அரசு ஏற்காது. ஏற்றால் உங்கள் உடைமையை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் நிலை. உங்களுக்கோ கடனைத் தவிர வேறு வழியைச் சட்டம் இப்போது தரவில்லை. 2021இல் உங்கள் தலைவரான ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஒரு கூட்டாண்மை பற்றிப் பேசியிருக்கிறார். உடைமை பற்றி இரு தரப்பும் வாய் திறக்காமல் சிற்பங்களை மட்டும் நகர்த்தும் ஒப்பந்தம் எழுதத் திறமையான வழக்கறிஞர்கள் இரு நாட்டிலும் இருக்கிறார்கள். அதே வேளையில் சட்டத் திருத்தம் கேட்டு அறங்காவலர்கள் பெயரால் நாடாளுமன்றத்துக்கு ஒரு கடிதம் போகட்டும். 2023 நவம்பரில் இந்தச் சிற்பங்களின் பெயரால் இங்கிலாந்துப் பிரதமர் கிரேக்கப் பிரதமரோடு ஏற்பாடாகியிருந்த சந்திப்பையே ரத்து செய்தார். அரசியல்வாதிகளுக்கு விட்டால் இப்படித்தான் போகும். நீங்கள்தான் முன்னே நடக்க வேண்டும்.

18ஆம் கூடம் வெறுமையாகிவிடும் என்ற கவலை வேண்டாம். லண்டனில் இதுவரை காட்டாத பண்டைப் பொருள்களை மாறி மாறி அனுப்பத் தயார் என்று கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகம் சொல்லியிருக்கிறது. போகிற சிற்பங்களுக்குப் பளிங்கிலேயே பிரதி செய்யலாம். செலீனியின் குதிரைத் தலையை இத்தாலியில் ஓர் இயந்திரக் கையால் 2022இல் செதுக்கியே காட்டிவிட்டார்கள். அந்தப் பிரதிகளுக்கு நீலமும் சிவப்பும் தீட்டி, கண்டுபிடித்த உங்கள் ஆய்வாளர்களின் பெயரையும் எழுதி வையுங்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்க ஓடி வருவார்கள், நானும் அழைத்து வருவேன்.

எந்தச் சட்டமும் தேவைப்படாத ஒரு வேலையை இந்த மாதமே தொடங்கலாம். கூடத்தில் உள்ள ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே, அதன் மீதி எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் படிக்கும் அளவு பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ஏதென்ஸ், பாரிஸ், கோபன்ஹேகன் என்று. மென்டர் கப்பலின் முக்குளிப்பவர்களுக்கும் ஹேமர்ஸ்லிக்கும் ஒரு வரி கொடுங்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மேற்சொன்ன நான்கு சிற்பங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்து, யார் ஆதரித்தார்கள், யார் மறுத்தார்கள், என்ன காரணத்துக்காக என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டுகிறேன். மறுப்பதாக இருந்தால், பொசைடனின் முதுகு லண்டனிலும் மார்பு ஏதென்ஸிலும் இருப்பதால் யாருக்கு என்ன நன்மை என்று ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். அதைத் தமிழில் மொழிபெயர்த்து என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

மரியாதையுடன்,
லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை